மூன்றாவது குடுவை

முய்னாக்கில் கடல் எங்கே என்று கேட்டால்
வடக்கே கை காட்டுவார்கள்.
தூரம் சொல்ல மாட்டார்கள்.
போன ஆண்டு சொன்ன தூரம்
இந்த ஆண்டு பொய்யாகிவிட்டது.

எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே ஜன்னல்.
அதன் விளிம்பில் இருபத்திரண்டு வருடமாக
ஒரு ஊறுகாய்ப் போத்தல்.
உள்ளே உப்பிறால் முட்டைகள், பழுப்புத் தூளாக.
காப்பி என்று நினைத்து
உப்பினியாஸ் ஒருமுறை கரண்டி விட்டிருக்கிறான்.

உயிருள்ளவை பற்றிய முதல் பாடம்
எல்லா ஊரிலும் ஒன்றுதான்.
அசைய வேண்டும், மூச்சு விட வேண்டும்,
தின்ன வேண்டும், கழிக்க வேண்டும், வளர வேண்டும்,
தொட்டால் உறைக்க வேண்டும்,
தன்னைப் போல் ஒன்றை விட்டுப் போக வேண்டும்.

ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து
ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன்.
பேச்சு மூச்சு இல்லை.
“கல்லும் இதே மதிப்பெண்தான் வாங்கும், அய்சானெம்”
என்றான் உப்பினியாஸ்.

நோட்டில் என் ஊகத்தை எழுதினேன்:
இவை சாகவில்லை. நிறுத்தி வைத்திருக்கின்றன.
கீழே தேதி போட்டேன்.
தேதி இல்லாவிட்டால் பிற்பாடு
எனக்கு நானே கதை விடுவேன்.

மூன்று குடுவை.
ஒரே உப்பு, ஒரே விளக்கு, இருபத்தெட்டு டிகிரி.
முதலாவதில் போத்தலின் பழைய தூள்.
இரண்டாவதில் இந்த அக்டோபரில்
கரையில் அள்ளியது, இன்னும் சேறு மணக்கிறது.
மூன்றாவதில் அதே பழைய தூள்,
அரை மணி நேரம் கொதிக்க வைத்தது.
செத்தது ஒன்று பக்கத்தில் இருந்தால்தான்
இருப்பதை இருக்கிறது என்று சொல்ல முடியும்.

நள்ளிரவில் மின்சாரம் போயிற்று.
மூன்றையும் கோட்டுக்குள் வைத்து
விடியும்வரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்,
எதற்கும் தனிச் செல்லம் கொடுக்காமல்,
அந்தச் செத்த குடுவைக்கும் அதே சூடு.

காலையில்
இரண்டாவது குடுவை நீந்தி வழிந்தது.
முதலாவதில், நுண்ணோக்கிக்குக் கீழே,
ஆரஞ்சு நிறத்தில் ஒரு கமா.
ஒற்றைக் கண். துடுப்புப் போடும் கைகள்.
இன்னொன்று. மொத்தம் ஏழு.
கத்திவிட்டேன்.
நுக்கூஸுக்குத் தொலைபேசியில் சொல்லியும் விட்டேன்,
இருபத்திரண்டு வருடம் என்று இரண்டு முறை.

பிறகுதான் மூன்றாவதைப் பார்த்தேன்.
பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டு.
கொதித்த தூளுக்கு நடுவில்
இரண்டு ஆரஞ்சுக் கமாக்கள்,
திருமண வீட்டுக்கு வழி தவறி வந்தவர்கள் மாதிரி
சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு.

கொதிநீரில் பிழைத்தார்களோ?
நம்ப ஆசையாகத்தான் இருந்தது.
ஆனால் மேசையில் கிடந்தது ஒரே துளிக்குழாய்.
மூன்று குடுவைக்கும் ஒன்று. என் சோம்பல்.
நேற்று மாலை இரண்டாவதில் தோய்த்த நுனியை
உதறிவிட்டு மற்றவற்றிலும் விட்டிருக்கிறேன்.
மூன்றாவதில் இரண்டு ஒட்டிக்கொண்டு வரலாம் என்றால்
முதலாவதின் ஏழு யார் வீட்டுப் பிள்ளைகள்?

“மூன்றாவதைக் கொட்டிவிடு” என்றான் உப்பினியாஸ்.
“யார் கேட்கப் போகிறார்கள்? ஏழு நல்ல எண்.”
அவன் கெட்டவன் இல்லை.
நானும் கொஞ்ச நேரம் குடுவையின் கழுத்தைப்
பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

எழுதினேன்: முதலாவது 7. இரண்டாவது 214. மூன்றாவது 2.
குறுக்கே ஒரு கோடு.
செல்லாது.

மறுபடி நுக்கூஸுக்குப் பேசினேன்.
அந்தப் பக்கம் நெடுநேரம் மௌனம்,
பிறகு சிரிப்பு, அது கேலியா என்று தெரியவில்லை.

விளக்கை இடப்பக்கம் நகர்த்தினேன்.
ஏழும் திரும்பி வெளிச்சத்துக்கு வந்தன.
தாங்கள் செல்லாதவை என்று
யாரும் அவற்றிடம் சொல்லவில்லை.
பாடத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும்
இப்போது பதில் வைத்திருக்கின்றன,
எங்கிருந்து வந்தோம் என்பதைத் தவிர.

ஒரு மூடியில் உப்புநீரும்
ஈஸ்ட் பொடியும் போட்டு அவற்றை மாற்றினேன்.
போத்தலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது.
துளிக்குழாய் மூன்று,
அடையாளத்துக்கு மூன்று நிற நூல் என்று
பட்டியல் அனுப்பியிருக்கிறேன்.
வண்டி வர வியாழன் ஆகும்.