ஜூன் மாத ஷிஃப்ட் பட்டியல்

ஒரே கிழமையில் மூன்று பேர் வேலையை விட்டுப் போனதும்
முகாமையாளர் விஜேகோன்
நிலவறைக்கு ஒரு பென்சில் கொடுத்தனுப்பினார்.
“உங்கள் பட்டியலை நீங்களே போடுங்கள்.
ஜூன் மட்டும்.”
பேனா அல்ல.
பின்னால் அழிரப்பர் வைத்த பென்சில்.

காலிமுகத்திடலைப் பார்த்த அறைகளில்
விரிக்கிற வெள்ளையெல்லாம்
எங்களிடம் வந்துதான் வெள்ளையாகிறது.
ஜன்னல் இல்லாத தளம். பத்தொன்பது பேர்.
கடல் எந்தப் பக்கமென்று கேட்டால்
கொஞ்சம் யோசித்துத்தான் கை காட்டுவோம்.

அழுக்கு மூட்டைகளின்மேல் உட்கார்ந்தோம்.
எழுத்து வடிவாயிருக்கிறதென்று
பென்சில் என்னிடம் வந்தது.
முப்பது கட்டம் கீறினேன்.

முதல் அரைமணி சண்டை.
பௌசுல் அண்ணன்
நான்கு வருஷத்துக்கு முந்திய ஒரு போயா லீவைத்
தோண்டி எடுத்தார்.
ரெஜினோல்ட்டுக்குப் பதின்மூன்றாந் திகதி வேண்டும்,
கொச்சிக்கடைத் திருநாள்.
“அந்தோனியார் உன்னை எண்ணிப் பார்ப்பாரோ?” என்றாள் நிமல்காந்தி.
பிறகு தன் நாளை அவளே கொடுத்தாள்.
முபீதா சொன்னாள்:
பத்துக்கு விடுகிற ஷிஃப்ட் பத்தரைக்கு விட்டால்
முகத்துவாரம் பஸ் போய்விடும்,
ஓட்டோவுக்கு அரைநாள் சம்பளம்.
ஐந்து வருஷமாக இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.
நாங்களும்தான்.

கடைசியில் சந்திரலதா.
“இரண்டாவது பொயிலர் சூடேற நாற்பது நிமிடம் பிடிக்கும்.
நான் ஒன்பது இருபதுக்கே வந்து போடுகிறேன்.”
எத்தனை நாளாக?
“பதினொரு வருஷம்.”
சம்பளம்?
சிரித்தாள்.

ஓரத்தில் புதிதாக ஒரு நிரல் கீறி
நாற்பது என்று முப்பது தரம் எழுதினேன்.

பட்டியல் மேலே போய்
கையொப்பத்தோடு திரும்பியது.
கட்டங்கள் அப்படியே இருந்தன.
ஓரத்து நிரலை மட்டும் அழித்திருந்தார்கள்.
“யார், எப்போது என்பது உங்கள் விஷயம்.
எவ்வளவு என்பது எங்கள் விஷயம்.”
தாளைச் சரித்துப் பிடித்தால்
வெளிச்சத்தில் பள்ளம் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
ஜூனில் நான்கு ஞாயிறு.
நான்கிலும் தனுராஜின் பெயர்.
ஹட்டனிலிருந்து வந்தவன்,
தெமட்டகொடையில் அறையெடுத்திருக்கிற பொடியன்.
அவன் வாய் திறக்கவில்லை.
திறக்காத வாய்க்கு ஞாயிறு எதற்கென்று
யாரும் சொல்லவுமில்லை.
நான் எழுதினேன்.
மேலே இருப்பவர்கள் எங்களை எப்படி எழுதுகிறார்கள் என்று
அந்த நான்கு கட்டங்களில்
என் கைக்குத் தெரிந்தது.

ஜூலைப் பட்டியல் கணினியில் அடித்து வந்தது.
அழிக்க முடியாத எழுத்து.
முதலாந் திகதி இரவு
சந்திரலதா சரியாகப் பத்து மணிக்கு வந்தாள்.
யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.
பொயிலர் குளிர்ந்து கிடந்தது.
பத்தேகால். தொலைபேசி அடித்தது.
திரும்பவும் அடித்தது.
விஜேகோன் இறங்கி வந்தார்,
எனக்குத் தெரிய முதல் தரம்.
இரண்டு நிமிடத்தில் கழுத்துப்பட்டி நனைந்தது.

“இது எவ்வளவு நேரம் பிடிக்கும்?”

“நாற்பது நிமிடம்.
எழுதிக்கொள்ளுங்கள், சேர்.”

சட்டைப்பையைத் தடவினார்.
பென்சில் என் காதில் இருந்தது.
கொடுத்தேன்.
அச்சடித்த தாளின் ஓரத்தில்
அவர் கையாலேயே எழுதினார், ஒரு நாளைக்கு மட்டும்.
பென்சிலைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்,
மறதியா, தெரிந்துதானா, தெரியாது.

ஆகஸ்ட் யார் கையிலென்று இன்னும் சொல்லவில்லை.
என் கைக்கு வந்தால்
முதலில் தனுராஜிடம் போவேன்.
“எனக்கொன்றும் வேண்டாம் அக்கா” என்பான்.
எழுதாமல்
அங்கேயே நிற்பேன்.