இருபத்தெட்டு மூட்டுகள்

கம்பம் அரசு மருத்துவமனை, எட்டாம் எண் அறை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள்,
மதுரைக் கருத்தரங்கில் கையில் திணித்தது:
முடக்குவாதம், தொடக்க நிலை, சிகிச்சை நெறிமுறை.
ஓரத்தில் டீக்கறை.
கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்புக்குறிகள் இறங்குகின்றன
மெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைப் போல.

காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரமாகும்?
இது முதல் கட்டத்தின் கேள்வி.
விருமாயி சொன்னாள்:
"ஜீப்பு அஞ்சரைக்கு வந்துரும் டாக்டரு.
என் கை வந்துசேர எட்டாகும்."

'ஒரு மணி நேரத்துக்கு மேல்' என்று எழுதினேன்.
எட்டு மணிக்கு அவள் வண்டன்மேட்டில்
ஏலச்செடித் தூரில் குந்தியிருப்பாள்.
அதற்குள் பக்கத்துச் செடிக்காரி
அரைக் கூடை எடுத்திருப்பாள்.

எத்தனை நாளாக?
ஆடிக்கு முன்னயே.
சிக்குன்குனியா என்று அணக்கரையில் ஓர் ஊசி,
குமுளியில் ஒரு தைலம்,
கூடலூர் மெடிக்கலில் பேரில்லாத வெள்ளை மாத்திரை,
முழுங்கினால் அன்றைக்கு மட்டும் கை சொந்தக் கை.
எண்ணிப் பார்த்தேன். பத்து வாரம்.
பன்னிரண்டுக்குள் தொடங்கு, என்கிறது தாள்,
எலும்பு அரிக்கும் முன்னே.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது,
ஓடிப்போய்ப் பிடித்த கடைசி பஸ் போல.

மெதோட்ரெக்சேட்.
தினமும் இல்லை தாயி, வாரத்துக்கு ஒரே நாள்.
மூன்று முறை சொன்னேன், சீட்டில் சிவப்பில் எழுதினேன்.
எந்த நாள் என்று தாளில் இல்லை.
அவளே யோசித்தாள்:
"சனி ராத்திரி. சம்பளம் வாங்கிருவேன்.
ஞாயித்துக்கெழம கொமட்டுனா கொமட்டட்டும்,
ஜீப்பு கெடையாது."
ரத்தப் பரிசோதனைக்கு மாதம் ஒரு நாள் என்றபோது
உதட்டுக்குள் ஏதோ கழித்துப் பார்த்தாள்.
கூலியாக இருக்கும். நான் கேட்கவில்லை.

மாதாமாதம் வந்தாள், நான் எண்ணினேன்.
தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு,
கைவிரல் கணுக்கள் இருபது, முழங்கால் இரண்டு.
அழுத்தி, முகத்தைப் பார்த்து, அழுத்தி.
கார்த்திகைக் கடைசியில் ஒன்றுகூட வீங்கியிருக்கவில்லை.
போனில் கணக்குப் போட்டால் இரண்டரை.
தாளின் கடைசிக் கட்டம், பச்சை நிறம்:
நோய் அடங்கியது. இதே அளவைத் தொடரவும்.

அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்தேன்.
அவள் எழுந்திருக்கவில்லை.
"கை சரியாப் போச்சு டாக்டரு.
பூட்சுதான் போட முடியல."

அட்டைக்காகப் போடும் ரப்பர் பூட்ஸ்.
புருஷனுடையதைப் போட்டுப் பார்த்தாளாம்,
சரிவில் கழன்று உருண்டதாம்.
இப்போது வெறும் செருப்புதான்,
காலெல்லாம் உப்பும் புகையிலைத் தூளும்.
செருப்பைக் கழற்றினாள்.
கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த புள்ளிகள்,
முன்பாதம் பொதபொதவென்று.
கால்விரல்களின் வேரில் ஒவ்வொன்றாக அழுத்தினேன்.
முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இருபத்தெட்டில் பாதம் கிடையாது.

கண்ணாடியைத் தூக்கித் தாளை உருவினேன்,
மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.
அதற்கு ஒரு பின்பக்கம் இருந்தது.
அடிக்குறிப்பு நான்கு, எறும்பு எழுத்தில்:
எண்ணிக்கையில் சேராத கணுக்காலையும் பாதத்தையும்
தனியே பார்க்கவும்.
எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆறு மாத்திரையை எட்டாக்கினேன்.
"இன்னும் என்ன எழுதிருக்கு, படிங்க," என்றாள்.
வெளியே வரிசை முணுமுணுத்தது. படித்தேன்.
ஈரல், இருமல், தடுப்பூசி என்று போனது.
ஒரு வரியில் கை காட்டி நிறுத்தினாள்:
சிகிச்சையின் இலக்கை நோயாளியுடன் சேர்ந்து முடிவுசெய்யவும்.

"அந்த நோயாளி நாந்தான?"

அவளுடைய சீட்டில் 'இலக்கு' என்ற இடத்தில்
புரட்டாசியிலேயே நான் எழுதி வைத்திருந்தேன்,
2.6-க்குக் கீழே என்று.
அதை அடிக்கவில்லை.
பக்கத்தில் இடம் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்:
பூட்ஸ். ஆறாம் நம்பர். மாசிக்குள்.