அரை நிமிடம்

லீபாயா துறைமுகத்துக்குத் தெற்கே
பைன் மரங்களுக்கு நடுவில்
பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடம்.
சம்பளச் சீட்டில் மட்டும் அதற்கு எண் உண்டு.
அங்கே இருபது ஆண்டுகள்
இரைச்சல் போட்டேன்.

வேறெப்படிச் சொல்வது?
மேற்கிலிருந்து ஒரு குரல் கிளம்பும்,
எங்கள் லாத்விய மொழியில்,
என் அத்தை பேசுவதுபோல் கடைசி எழுத்தை விழுங்கி.
அது எவர் காதிலும் விழுமுன்
அதன்மேல் நான்
ரம்பம் அறுக்கும் சத்தத்தைக் கொட்டுவேன்.
ரொட்டி, வாடகை,
மகன் ஐவர்ஸின் பனிக்காலணி,
எல்லாம் அந்த ரம்பம் அறுத்த தூள்.

கேட்டவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்
என்பதுதான் பயம்.
யாருடைய பயம் என்று நான் கேட்கவில்லை.

விதி ஒன்று இருந்தது.
கால் மணிக்கு ஒருமுறை
இரைச்சலை நிறுத்திப் பார்க்க வேண்டும்:
எதிரி அங்கேயே இருக்கிறானா,
வேறு அலைவரிசைக்கு நழுவிவிட்டானா.
அதற்கு அரை நிமிடம்.
கப்பிதான் கொலுப்சோவ் கையில் நிறுத்துகடிகாரம்.
முப்பத்தொன்றாவது விநாடிக்கு
விளக்கம் எழுதித் தர வேண்டும்.

அந்த அரை நிமிடங்களில் எனக்குக் கிடைத்தவை:
ஒரு வேலைநிறுத்தத்தின் பின்பாதி.
ஏதோ நாட்டில் ஏதோ தளபதி சுடப்பட்டது,
யார் சுட்டது என்பதற்குள் என் விரல் விசையில்.
சாக்சபோன்காரன் ஒருவன் மூச்சை இழுத்தது;
ஊதியது இல்லை, இழுத்தது மட்டும்.
நிலவுக்குப் போனவன் ஏணியில் நின்றான்.
கால் மணி பொறுத்துத் திறந்தேன்,
எவனோ பருத்தி விலை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊருக்கும் அந்த அரை நிமிடம் தெரியும்.
வேலை முடிந்து மாடிப்படி ஏறும்போது
ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும்
அடுத்த முறைக்காரி போட்ட ரம்பம்
தணிவாக அறுத்துக்கொண்டிருக்கும்.
சட்டென்று நிற்கும்.
கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.
கரண்டி தட்டில் படாது.
அழுகிற பிள்ளையின் வாயை எவளோ பொத்துவாள்.
ஒரு காலைத் தூக்கியபடி நானும் நிற்பேன்,
திருட வந்தவள் மாதிரி.

பல்மருத்துவர் ஸ்ட்ராஸ்தின்ஷ்
என் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு
ஒருநாள் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:
"வியாழன் இரவு கைதிகள் பட்டியல் வாசித்தார்கள்.
நம் ஊர் என்றார்கள். பெயருக்குள் அறுந்துவிட்டது.
வரும் வியாழனும் வாசிப்பார்களாம்.
அங்கே இருக்கிறவர்
மூன்று விநாடி தூங்கிப்போனால் என்ன?"
அவருக்குத் தெரிந்திருந்ததா?
பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை,
அதில் அவர் விரல்கள் இருந்தன.

அந்த வியாழன்
முப்பத்துமூன்று விநாடி.
'குளிரில் விரல் மரத்துவிட்டது' என்று எழுதினேன்.
ஜூன் மாதம்.
கப்பிதான் படித்தார், மீசையைத் தடவினார்,
சம்பளத்தில் மூன்று ரூபிள் பிடித்தார்.
அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.
மறுநாள் காலை
மீன் டப்பா ஆலைக்குப் பின்தெருவில்
ஒருத்தி வாசலில் யாரோ
ஒரு கூடை முட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எண்பத்தெட்டு நவம்பரில்
தொலைபேசியில் ஒரு சொல் வந்தது: நிறுத்து.
நிறுத்தினேன்.
முப்பது. முப்பத்தொன்று. நாற்பது.
குரல் வந்துகொண்டே இருந்தது.
அவனுக்கு ஜலதோஷம். இருமிவிட்டு மன்னிப்புக் கேட்டான்.
தாளைப் புரட்டினான். நாற்காலி கிறீச்சிட்டது.
அங்கேயும் இரவு வேலைதான் என்று
இருபது ஆண்டுகளில் ஒருநாளும் தோன்றியதில்லை.
கால் மணியானதும்
என் விரல் தானாக விசைக்குப் போனது.
திட்டிக்கொண்டே அதை மடியில் இழுத்து வைத்தேன்.

டிசம்பரில் கடைவாய்ப்பல் பிடுங்கப் போனேன்.
பஞ்சு வைக்கும் முன்பே கேட்டுவிட்டேன்:
"இப்போதும் கேட்கிறீர்களா, டாக்டர்?"
"முழுசாக வருகிறது" என்றார்,
"பாதியில் தூங்கிவிடுகிறேன்."
பிறகு விளக்கை என் முகத்துக்கு நேரே இழுத்து
வாயை இன்னும் அகலமாகத் திறக்கச் சொன்னார்.