ஒற்று மிகும் இடம்

நல்லிணக்கச் சிறுகதைப் போட்டி.
ஆயிரத்து ஐந்நூறு சொல், மாதக் கடைசிக்குள்.
என் கதையில் ஒரு புளோக்.
அதன் கீழ்த்தளத்தில் ஒரே நாளில்
மேற்கு முனையில் மலாய்க் கல்யாணம்,
கிழக்கு முனையில் சீனச் சாவு.
கொம்பாங் அடிப்பவர்கள்
சவப்பெட்டியைக் கண்டதும் கையை நிறுத்துகிறார்கள்.
இறந்தவளின் மகன் எழுந்து வந்து
மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்கிறான்.
இருவரும் அழுகிறார்கள்.

வாசகர் வட்டத்தில் இதைப் படித்தேன்.
தில்ஷாத் பேகம் கண்ணாடியைக் கழற்றினார்.
"இந்தக் கதையில யாருக்குமே வேர்க்கலையேம்மா."

வேர்க்கவில்லைதான்.
ஈசூனில், ஜூன் மாதத்தில்.

அப்புறம், சொல்லி வைத்ததுபோல்,
எங்கள் மாடித் திருமதி சுவா இறந்துபோனாள்.
என் துளசித்தொட்டி வழியை அடைக்கிறதென்று
இரண்டு முறை நகர மன்றத்துக்கு எழுதியவள்.
அதே சனிக்கிழமை
மச்சிக் ரொஹானியின் மகளுக்குக் கல்யாணம்.
நான் எழுதியதால்தான் நடந்ததோ என்று
ஒரு கணம் பயந்தேன்.
குறிப்பேட்டோடு கீழே இறங்கினேன்,
வெட்கமில்லாமல்.

யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.
பிரியாணி லாரியை எங்கே நிறுத்துவதென்று
இருபது நிமிடம் வாக்குவாதம்.
ஒலிபெருக்கியைக் கார் நிறுத்தம் பக்கம் திருப்பினார்கள்;
சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது.
சாமியாரின் மணியும் கொம்பாங்கும்
எங்காவது ஒரு தாளத்தில் சேருமென்று
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
சேரவில்லை.
கடைசி வரைக்கும்.
கல்யாணத்து மின்விசிறி ஒன்று
சாவு வீட்டுப் பக்கம் போனது.
அது திரும்பி வராததற்குத் திங்கட்கிழமை
இன்னொரு சண்டை.

இரவு எட்டு மணிக்கு மழை.
கொட்டகைக்கு வெளியே
தாள் வீடும் தாள் காரும் காத்திருந்தன.
மகள் சியூ பெங் கையில் ஊதுபத்தி.
மகன் பெஞ்சமின் பத்தியைத் தொடவில்லை.
அவனுடைய சபை அதற்கு விடாது.
அத்தைமார் அவனைப் பார்த்த பார்வையில்
மழையே காய்ந்திருக்கும்.
அவன் ஒரு பெரிய குடையை விரித்து
அக்காவின் பத்தி அணையாமல் பிடித்துக்கொண்டான்.
முகத்தை வேறு பக்கம் வைத்திருந்தான்.
முதுகு முழுக்க நனைந்தது.

குறிப்பேட்டை மூடினேன்.

என் தம்பி கதிர்வேலன்,
இப்போது காலேப்.
அப்பாவுக்குக் கொள்ளி வைக்க முடியாது என்றான்.
மண்டாயில் எல்லார் முன்னாலும்
நான் அவனைச் சொன்ன வார்த்தையை
இங்கே எழுதப்போவதில்லை.
அன்று அவன் எதைப் பிடித்துக்கொண்டு நின்றான்?
இப்போதுதான் யோசிக்கிறேன்.
அப்பாவின் செருப்பை.
ஒரு பிளாஸ்டிக் பையில், நாள் முழுக்க.
பார்த்தேன்.
கணக்கில் வைக்கவில்லை.

இரண்டு வருடமாக நல்லிணக்கம் எழுதுகிறேன்,
செங்காங்கில் இருக்கிற தம்பிக்கு
ஒரு 'சாப்பிட்டியா' எழுதாமல்.

கைப்பேசியை எடுத்து
'நமக்குள்ள இருந்த பிணக்கு' என்று தொடங்கினேன்.
சொல்லி வாய்க்குள் ஓட்டிப் பார்த்தேன்.
முதலில் உதடு மூடுகிறது, ப்.
திறந்தால்
இணக்கு.
ஓர் ஒற்றுக்குப் பின்னால்
இத்தனை நாள் உட்கார்ந்திருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அனுப்பினேன்:
"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வா.
சாமிக்குப் படைக்காத சாம்பார்
தனியா எடுத்து வெக்கிறேன்."

இரண்டு நீலக் குறி.
இரவெல்லாம் அவ்வளவுதான்.

காலையில்,
"உப்பு கொறைச்சுப் போடு."

போட்டி நாள் கடந்துவிட்டது.
கதைக்கு இன்னும் முடிவில்லை.
கட்டிக்கொண்டு அழுத இருவரையும் பிரித்து
அவரவர் முனைக்கு அனுப்பிவிட்டேன்.
அங்கே யாருக்கோ வேர்க்கத் தொடங்கியிருக்கிறது.
எங்கே அந்த மின்விசிறி
என்று கேட்கிறார்கள்.