ஒன்பதாம் பாகம்

திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி
மாடியில் இருக்கிறது எங்கள் கேபிள் ஆபீஸ்.
மூவாயிரத்து இருநூறு இணைப்பு.
சந்தா பாக்கி, புள்ளி புள்ளியாய் உடையும் படம்,
ரிமோட்டை நாய் கடித்துவிட்டது,
எல்லாம் என் காதுக்குத்தான் வரும்.

வேண்டிய நேரத்தில் வேண்டிய படம் என்று
தை மாதம் ஒரு வசதி விட்டார்கள்.
சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பட்டியல்.
சனம் எடுத்தது பேய்ப் படம், பக்திப் படம், மல்யுத்தம்.
அனிமே எடுத்தது இரண்டே பெட்டி.
ஒன்று என்னுடையது.
இன்னொன்றின் எண் 4471 என்று முடிகிறது.

முப்பது நாளுக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
எனக்கும் அதேதான். முதலாளி அப்படி.

பாதி ஊரைக் கடல் குடித்துவிட்டது.
மீதி ஊரில் மின்கம்பம் ஏறுகிறாள் ஒரு பெண்.
பதினைந்து வயதிருக்கும். முழங்காலில் பிளாஸ்திரி.
அவள் டிபன் பாக்ஸில் இருக்கும் முட்டை
நான் தின்ற எந்த முட்டையைவிடவும் பளபளக்கிறது.
மழை என்றால் முதலில் ஒரே ஒரு துளி
தகரத்தில் விழுவதைக் காட்டிவிட்டுத்தான்
மிச்ச மழையை விடுகிறார்கள்.
நம்மூர் மழைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பதினொரு மணிக்கு மேல்தான் பார்ப்பேன்,
சத்தத்தை நான்கில் வைத்து.
வீட்டுக்காரர் விடிகாலையில் மீன் லாரிக்குப் போகிறவர்.
காலையில் ஆபீஸ் கணினியைத் திறந்தால்
4471 எந்தப் பாகத்தில் நிற்கிறது என்று காட்டும்.
பார்க்கக் கூடாதுதான். பார்த்தேன்.
நான் ஆறு என்றால் அது ஏழு.
வீம்புக்கு விழித்திருந்து நான் பத்துக்குப் போனால்
அது ஒன்பதிலேயே உட்கார்ந்திருந்தது.
மறுநாளும் ஒன்பது.
பதினோரு தடவை ஒன்பது.

திரும்பப் போய் ஒன்பதைப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை அதில்.
ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்குச்
சைக்கிளில் போகிறாள்.
சண்டை இல்லை. யாரும் சாகவில்லை.

மாசியில் அறுவடை மிஷின் ஏற்றிவந்த லாரி
கட்டிமேட்டில் வயரை அறுத்துக்கொண்டு போனது.
அதே நாளில் ஏழு இடத்தில் கோளாறு.
முதலில் கட்டிமேடு போ என்றேன் லைன்மேன் ஜெகபரிடம்.
ஏன் என்றான்.
புகார் வந்திருக்கிறது என்றேன்.
வரவில்லை.

பிறகு ஒருநாள் வந்தது.
"மேடம், கட்டிமேடு வேதையன் பேசறேன்.
இருபத்தாறு வரலியே."
எந்த இருபத்தாறு என்று கேட்டிருக்க வேண்டும்.
எனக்கும் வரல என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரம் லைனில் நெல் தூற்றும் சத்தம் மட்டும்.
கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறவராம்.
கீழே ஓடும் இங்கிலீஷ் பிடிபடாது,
மூஞ்சியைப் பார்த்தே ஓட்டிக்கிறது என்றார்.
பிறகு அவராகவே,
"ஒம்பதுல அந்தப் புள்ள சைக்கிள்ல போவுதுல்ல,
பின்னாடி வயலைப் பாத்தீங்களா?
மிஷின் நடவு. வரிசை நூல் புடிச்சாப்ல இருக்கு.
மூலையில மட்டும் மிஷின் திரும்ப எடமில்லாம
கையால நட்டிருக்கு, கோணலா.
வரைஞ்சவன் எவனோ
சேத்துல எறங்குனவன்."

நான் மூன்று தடவை பார்த்தும்
பிளாஸ்திரியைத்தான் பார்த்திருந்தேன்.

புகார் எண் நூற்றுப் பதினெட்டு என்றேன். குறித்துக்கொண்டார்.
சென்னைக்கு எழுதினேன்.
இருபத்தைந்து பாகத்துக்குத்தான் ஒப்பந்தம் என்று பதில்.
இருபத்தைந்தின் முடிவில்
கடைசிக் கம்பத்தின் உச்சியில் இருக்கிறாள்,
இடது கையில் ஒரு வயர், வலது கையில் ஒரு வயர்,
கீழே கடல்.

அதை இன்னும் வேதையனிடம் சொல்லவில்லை.
சொல்ல வேண்டும்.

நேற்றோடு முப்பது நாள் முடிந்தது.
இன்று காலை கணினியில்
4471 மறுபடி நாற்பத்தைந்து ரூபாய் கட்டியிருந்தது.
பர்ஸைத் திறந்தேன்.
இரண்டு இருபது, ஒரு ஐந்து ரூபாய்க் காசு.
டிராயரில் போட்டுவிட்டு
எனக்கு நானே ரசீது கிழித்துக்கொண்டேன்.