தட்டிப் பார்த்தல்

பியதிலக பாஸ் ஏணியில் ஏறும் முன்
சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார்.
பின்வளவுக் குளியலறைக்கு
நூற்றுப் பன்னிரண்டு கள்ளிக்கோட்டை ஓடு.
எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
புறக்கோட்டை ஹாட்வெயார்க் கடையில்
பதினாறு வருஷம் பில் எழுதிய கை
எண்ணாமல் இருக்காது.

ஒவ்வொன்றாய்க் கழற்றி
சுட்டுவிரலை மடக்கித் தட்டினார்.
ணங் என்றால் இடப்பக்கம்.
தொப் என்றால் வலப்பக்கம்.
ரிம்ஸான் கீழே நின்று ஏந்தி அடுக்கினான்.
கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்:
ஒரே பாசி, ஒரே கறுப்பு, ஒரே காக்காய் எச்சம்.
"வெடிப்பு உள்ளுக்கு மிஸ், காதுக்குத்தான் தெரியும்"
பாதி தமிழில், மீதி சிங்களத்தில்.

அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம்
நானும் தட்டினேன்.
ஓட்டை, வாளியை,
தண்ணீர் வராத குழாயை,
பிறகு என் முழங்காலை.
முழங்கால் தொப் என்றது.
வலப்பக்கம்.

எழுபத்தொன்று தேறியது.
மிச்சம் நாற்பத்தொன்றுக்கு
தெமட்டகொடையில் வீடு இடிக்கும் ஒருவனிடம்
பழைய ஓடு இருக்கிறதாம்.
ஒன்று நூற்றெண்பது, ஏற்றுக்கூலி வேறு.
எங்கள் கடையில் சீட் மலிவு,
எனக்குக் கழிவும் தருவார்கள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டான்
மேல்மாடியில் குடியிருக்கும் ஸ்டனிஸ்லாஸ்.
வெயிலில் அது தானும் வெந்து
என்னையும் வேகவைக்கும் என்றேன்.
அது பாதி உண்மை.
மற்றப் பாதி அந்த ணங்.

ஓடு நாளைக்குத்தான் வரும்.
கைமரமும் சலாகையும்
பில் புத்தகம்போல் கட்டம் போட்டு நிற்க
உள்ளே நின்று மேலே பார்த்தேன்.
கட்டம் முழுக்க இருபத்திரண்டு மாடி.
போன வருஷம் மதிலுக்கு அப்பால் எழும்பியது.
ஓடு இருந்தவரை அது எனக்கு
பின்னேரத்து நிழல் மட்டும்.
ஓடு போனதும் அதற்குக் கண் வந்தது,
மாடிக்கு எட்டாய்.

சித்திரைப் புழுக்கத்தில்
பகல் முழுக்கப் பிசுபிசுத்துக் கிடந்தேன்.
ஸ்டனிஸ்லாஸ் சாரத்தோடு நின்று
தலையில் ஊற்றிக்கொண்டு
பாட்டும் படித்தான்.
அவனுக்கென்ன.

இரவு ஒன்றரைக்கு
வாளியும் சவர்க்காரமுமாய்
விளக்குப் போடாமல் போனேன்.
எல்லா யன்னலும் இருட்டு,
பதினேழாம் மாடியில் ஒன்றைத் தவிர.
அங்கே ஓர் ஆள்.
ஆணோ பெண்ணோ,
காய்ந்த துணி எடுக்க வந்ததோ, தூக்கம் வராததோ,
கம்பியில் சாய்ந்து
கீழே பார்த்தபடி.

கோப்பையைப் பிடித்தபடி நின்றேன்.
கெண்டைக்காலில் நுளம்பு,
அடிக்கவில்லை.
அந்த ஆளும் அசையவில்லை.
பிறகு
மேலே விளக்கு அணைந்தது.

மரியாதையோ,
நித்திரையோ,
கரண்ட் பில்லோ.
தட்டிப் பார்க்க
என் விரல் எட்டாத உயரம்.

முதல் கோப்பைத் தண்ணீரில்
பகல் சூடு இன்னும் இருந்தது.
இரண்டு சலாகைக்கு நடுவே ஒரு வெள்ளி,
அல்லது விமானம்.
மூன்று வாளி குளித்தேன்.
தண்ணீர்ப் பில் வரும்போது பார்க்கலாம்.

அடுத்த நாள் மத்தியானம் கூரை மூடியாயிற்று.
தெமட்டகொடை ஓடு ஒரு பங்கு சிவப்புக் கூட,
பிருஷ்டத்தில் ஒட்டுப்போட்ட காற்சட்டை மாதிரி.
ஓர் ஓட்டின் அடியில் யாரோ கரியால்
'வடக்குப் பக்கம்' என்று சிங்களத்தில் எழுதியிருந்தார்கள்.
பாஸ் வாசித்துக் காட்டிவிட்டுத்
தெற்கில் செருகினார்.

ஞாயிறு மழை.
சரியாகச் சவர்க்காரப் பெட்டிக்குள்
ஒரு சொட்டு.
ஐந்து எண்ணினால் இன்னொரு சொட்டு.
போன் எடுத்தேன்.
"ஹரி மிஸ், நாளைக்கு" என்றார்.
அந்த நாளைக்கு எந்த நாளைக்கு என்று
கொழும்பில் எவருக்கும் தெரியும்.
சவர்க்காரத்தை
இடப்பக்கம் மாற்றி வைத்தேன்.