எடைமேடையில் யாளி

பதினொரு பேர் வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை, குடைகளோடு.
புளியரைக்குச் சற்று முன்னால்,
வைக்கோல் லாரிகள் நின்று கயிற்றை இறுக்கிக்கொள்ளும் இடத்தில்
இருக்கிறது நான் வேலை பார்க்கும் எடைமேடை.
பாழாய்ப்போன ரசீதுகளின் முதுகில்தான்
எழுதினேன் எல்லாவற்றையும்:
இரண்டாயிரம் பக்கம், ஆறு அரசுகள், ஒரே ஒரு யாளி.

நாற்காலி மூன்றுதான். டீ சொல்லிவிட்டு
மேடையின் இரும்பிலேயே உட்கார்ந்தோம்.
சிவப்பு எண்கள் எங்களை
அறுநூற்று இருபது கிலோ என்றன.
"அக்காவும் சேர்த்துத்தான்," என்றான் இசக்கித்துரை.

கடையநல்லூர் பசரியா
கேள்விகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.
யாளிக்கு ஏன் இறக்கை வைக்கவில்லை?
வைத்துப் பார்த்தேன். எல்லையைத் தாண்டிப் பறந்துவிட்டது.
காவல் இல்லை, கையூட்டு இல்லை, கால் கொப்புளம் இல்லை,
மூன்றாம் அத்தியாயத்தில் கதை தீர்ந்துபோனது.
பிடுங்கினேன்.
ஒரு வாரம் என் தோள்பட்டை வலித்தது.

மந்திரத்துக்கு என்ன கணக்கு?
லாரிக்கு உள்ள கணக்குதான்.
முதலில் வெறும் வண்டியை ஏற்று. பிறகு சுமையோடு ஏற்று.
கழித்தால் வருவது சரக்கு.
மந்திரம் இல்லாத உன் மந்திரவாதி எவ்வளவு கனம்,
யாரிடம் கடன் வாங்கியிருக்கிறான், எந்தப் பல் ஆடுகிறது,
குறித்துக்கொண்ட பிறகு அவன் கையில் நெருப்பைக் கொடு.
நெருப்பு வந்தால் வேறெதுவோ குறைய வேண்டும்.
சும்மா கிடைத்தது எதுவும் எண்ணை அசைக்காது.

இதைச் சொன்னபோது என் குரல்
எனக்கே பிடித்திருந்தது.

ஆரியங்காவு ஷிஜின் கையைத் தூக்கினான்.
பஸ் போர்டுகளில் எழுத்துக்கூட்டித் தமிழ் படித்தவன்.
இரவில் அம்மாவுக்கு என் கதையை
மலையாளத்தில் சொல்கிறானாம், பாத்திரம் கழுவிக்கொண்டே.
"சேச்சி, நாலாம் பாகத்தில காற்று தப்பா அடிக்குது.
ஆடி மாசம், கணவாயில, இங்கேருந்து அங்க போகுது.
எங்க பக்கமிருந்துதானே வரும்?"

தெரியும். தெரிந்தேதான் திருப்பினேன்.
யாளியின் வாடை மேற்கே போய்
மறுபக்கத்துக் குதிரைகளை மிரட்ட வேண்டியிருந்தது.

"திருப்பலாம்," என்றான்.
"அதுக்கு யாரு என்ன கொடுத்தாங்க?"

என் டீயில் ஆடை படிந்தது.
பசரியா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
பதிலுக்குக் காத்திருந்தாள்.
நல்லவேளை, ஹாரன்.

எந்திரிங்கப்பா, வண்டி வருது.
வைக்கோல், சங்கரன்கோவில் பதிவு, மூன்று ஆள் உயரம்.
ஒன்பது டன் இருநூறு.
டிரைவர் இறங்கிவந்து ஏற்றிய இடத்துச் சீட்டை நீட்டினார்:
ஒன்பது டன் அறுபது.
"நூத்திநாப்பது கூடுது பாருங்க. சாரல்.
செங்கோட்டை தாண்டினதுலேர்ந்து அந்தப் பக்கத்துக் காத்து
ஏறி ஏறி உக்காந்துக்கிச்சு.
இதுக்கும் நான்தான் டீசல் போடணுமா?"

ஷிஜின் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

லாரி மலையேறியது. ரசீதைத் திருப்பி
நாலாம் பாகம், பதினேழு, காற்று, கூலி என்று எழுதினேன்.
அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.
குதிரைகளை வேறு மாதிரி மிரட்டலாம்.
அல்லது யாளியை மேற்கே கொண்டுபோய்
அங்கிருந்து மறுபடி நடக்கவிடலாம்,
இருநூறு பக்கம், பாவம்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று குடைகளை விரித்தார்கள்.
இசக்கித்துரைதான் முதலில் பார்த்தான்.
மேடையில் யாருமில்லை.
இருபது கிலோ காட்டியது.

சேறு, என்றேன். உங்க செருப்புச் சேறு.
பூஜ்ய பொத்தானுக்கு விரல் போனது.
"இருங்கக்கா," என்று கையைப் பிடித்தாள் பசரியா,
நோட்டை விரித்து, தேதி போட்டு,
எண்ணை எழுதிக்கொண்டாள்.

பதினொரு ஜோடிச் செருப்புக்கு
அந்தச் சேறு கொஞ்சம் அதிகம்தான்.